தேரும் பாசஞ்சரும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, சேலம் போகிற மீட்டர் கேஜ் பாதையில், தண்ணீரே இல்லாத ஓர் ஊரில் தண்ணீர் இறைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. இதைச் சொன்னபோது வடக்கனந்தலில் எங்கள் தெருவே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்தவர் கழனியில் கூலிக்குக் குனிந்தே முதுகு வளைந்தவர் அவர். "ரயில்வேடா. கேஷுவல்னாலும் ரயில்வே. நாளைக்கிப் பர்மனென்ட் ஆவும்" என்றார். எங்கள் வம்சத்தில் அதுவரை மாதச் சம்பளம் வாங்கிய ஆள் கிடையாது. நான் பஸ் ஏறியபோது அவர் தெருமுனை வரை வந்து நின்றுகொண்டிருந்தார்.

ஊரில் இறங்கியதும் எனக்கு வந்தது எரிச்சல்தான். நான் முன்கோபி, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைத் தண்ணீர் கரும்பு வயலுக்குள் சளசளவென்று பாய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஊர் ஒரு தண்டனை. செம்மண், சுக்கான் கல், வேலிக்காத்தான் முள். உச்சி வெயிலில் தண்டவாளத்துக்கு மேலே காற்று நெளியும். வடக்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அங்கே பெய்கிற மழை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

இப்படியொரு பொட்டலில் எதற்கு ஊர் என்று நான் கேட்காத ஆள் இல்லை. எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் லைன் போட்ட காலத்தில் இஞ்சினுக்கு வழியில் ஓரிடத்தில் தண்ணீர் வேண்டியிருந்தது. மூன்று இடத்தில் கிணறு வெட்டிப் பார்த்தார்கள், மூன்றிலும் பாறை. தண்டவாளக் கட்டை சுமக்க மலையிலிருந்து இறங்கி வந்த கூலிகளில் ஒரு பெண், கைக்குழந்தையை வேப்பமரத்தடியில் கிடத்திவிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். பால் கொடுக்கத் தூக்கியபோது குழந்தையின் முதுகு சில்லென்று இருந்ததாம். இங்கே வெட்டுங்கள் என்றாளாம். வெட்டினார்கள், ஊற்று வந்தது. அதுதான் இஞ்சின் கிணறு. லைன் வேலை முடிந்ததும், திரும்பிப் போக வழியில்லாத ஜனங்கள் அந்தக் கிணற்றைச் சுற்றியே தங்கிவிட்டார்கள். கல் உடைத்தவர்களுக்கு ஒரு தெரு, கட்டை சுமந்தவர்களுக்கு ஒரு தெரு, அவர்களுக்கு அரிசி பருப்பு விற்க வந்தவர்களுக்கு ஒரு தெரு என்று ஊர் உண்டாகிவிட்டது.

கதையில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முதல் நாள் அந்தக் கிணற்றின் இரும்பு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தபோது என் எரிச்சலெல்லாம் எங்கோ போய்விட்டது. சுற்றிலும் கரும்பாறை. உளி பட்ட தடம் ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. கண் பழகிய பிறகு, வெகு ஆழத்தில் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் மினுங்கியது. இவ்வளவு பாறையையும் கையால் குடைந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

என் வேலை சுலபமானது. கிணற்றில் கரண்டு மோட்டார் இருந்தது. அதை ஓட்டி, கல்தூண்களின் மேல் நின்ற இரும்புத் தொட்டியை நிரப்ப வேண்டும். நீராவி இஞ்சின் வந்து நின்றதும் வால்வைத் திறந்துவிட வேண்டும். வால்வுச் சாவி என் இடுப்பில் தொங்கும். கிணற்று மூடியின் சாவி ஸ்டேஷன் மாஸ்டரின் மேசையில் இருக்கும். தொட்டித் தண்ணீர் இஞ்சினுக்கு மட்டும், வேறு யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்பது சட்டம். ஸ்டேஷன் மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ஆள். ஆனாலும் நல்ல மனுஷன். மூன்றாம் வருஷம் என்னை நிரந்தரமாக்கச் சொல்லிக் காகிதம் எழுதி அனுப்பினார். "உன் பேர்ல ஒரு ரிமார்க்கும் விழாம பார்த்துக்கோ. விழுந்தா இந்தக் காகிதம் குப்பைக்குப் போயிடும், நீயும் வீட்டுக்குப் போயிடுவே" என்று சொல்லியிருந்தார்.

பிளாட்பாரத்தில் வேகவைத்த கடலை விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். லைனுக்கு அந்தாண்டைப் பக்கம் குடிசை. லைனுக்கு இந்தப் பக்கம் கோயிலும் கடைத்தெருவும் ஓட்டு வீடுகளும். அந்தாண்டைப் பக்கம் கல் உடைத்தவர்களின், கட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள். "தண்ணி எறைக்கிற வேல செய்யிற, மூஞ்சி மட்டும் காஞ்ச மொளகா மாரி வச்சிக்கினு கீற" என்று தினமும் என்னை வம்புக்கு இழுப்பாள். அவளோடு பேசிப் பேசித்தான் நான் அந்த ஊரில் சிரிக்கப் பழகினேன்.

ஊரின் திருவிழாக்களையும் அவள்தான் எனக்குக் காட்டினாள். காணும் பொங்கலுக்கு ஊரே டவுன் பஸ் பிடித்துக் கோமுகி அணைக்குப் போகும். மற்ற ஊர்க்காரர்கள் அங்கே கூத்தடிக்கப் போவார்கள். இவர்கள் தண்ணீரைப் பார்க்கப் போனார்கள். கரையில் வரிசையாக உட்கார்ந்து, அதிகம் பேசாமல், பொழுது சாய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு நானும் கரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு, வருகிற இஞ்சின் எதுவானாலும் மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள்.

ஆனால் தேர்தான் தேர். மற்ற ஊர்களில் மாரியம்மனுக்கு ஆடியில் திருவிழா. இங்கே ஆவணிக் கடைசியில். முதல் ரயில் வந்தது அந்த நாளில்தான் என்று சொன்னார்கள். தேர் கோயிலிலிருந்து கிளம்பி, ரயில்வே கேட்டில் லைனைக் கடந்து, அந்தாண்டைப் பக்கம் போய், அங்கே ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று திரும்பும். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஊர்களில் தேர் நுழையாத தெருக்கள் இருந்தன. யாருடைய தெருக்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் அப்பா பிறந்ததும் அப்படியொரு தெருவில்தான். இந்த ஊர்த் தேர் மட்டும் எல்லா வாசலுக்கும் போயிற்று. முதல் தடவை அது தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியதைப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். தூசி விழுந்ததென்று அக்காவிடம் பொய் சொன்னேன்.

அதற்கு ஒரு முறை இருந்தது. திருவிழா அன்று காலைப் பாசஞ்சர் வந்து, இஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அது நிற்கும்போது கடைசிப் பெட்டிகள் கேட்டை அடைத்துக்கொண்டிருக்கும். ரயில் போன பிறகு, ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ரயில் இல்லை என்று உறுதி செய்து கைகாட்டினால் தேர் நகரும். தேருக்கு முட்டுக்கட்டையைக் கிணறு காட்டியவளின் சொந்தங்களான கல்வராயன் மலை ஜனங்கள் கொண்டுவர வேண்டும். முட்டுக்கட்டை என்பது தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து அதை நிறுத்தவும் திருப்பவும் உதவுகிற ஆப்பு மாதிரியான கனத்த மரக்கட்டை. ஒவ்வொரு வருஷமும் மலையில் புதிதாகச் செதுக்கி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அந்தக் கட்டை வராமல் தேர்ச் சக்கரம் அசையாது. வடத்தில் முதல் கையும் அவர்களுடையதுதான்.

நான் சொல்ல வந்தது இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷத்துக் கதை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டின மறுநாள் சாலை மறியல் ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில், சேலம் ரோட்டில், தியாகதுருகம் போகிற வழியில், எங்கே பார்த்தாலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அந்த வாரத்தில் வடக்கே நடந்த கெட்ட சேதிகளும் காதுக்கு வந்துகொண்டிருந்தன. உயிர் போயிற்று, குடிசை எரிந்தது என்றார்கள். வேலை வேண்டும், படிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதே ஆசையில்தானே நானும் அங்கே கிடந்தேன். மரங்கள் விழுந்ததில் கரண்டுக் கம்பியும் டெலிபோன் கம்பியும் அறுந்தன. என் மோட்டார் நின்றது. ஊர்க் குழாயும் நின்றது. ரயிலும் வரவில்லை. ஆத்தூர்ப் பக்கம் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள் என்று ஒருவன் சொன்னான். டெலிபோன் இல்லாததால் அது மெய்யா பொய்யா என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தெரியவில்லை.

தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்தேன். ஓர் இஞ்சினுக்குப் போதுமான அளவு தண்ணீர் இருந்தது.

தேர் நாள் காலையில் வந்தது. மலைக்காரர்கள் வர மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பஸ் இல்லை, வழியெல்லாம் மரம். ஒன்பது மணி வாக்கில் வடக்கே வேலிக்காத்தான் புதருக்கு அந்தப்புறம் தூசி எழும்பியது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். தலையில் துணிச் சும்மாடு, அதன் மேல் முட்டுக்கட்டை. பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள் எல்லோரும் கூட. மலையை விட்டிறங்கி, ரோட்டைத் தொடாமல், காட்டு வழியும் வரப்பு வழியுமாக இரண்டு நாள் நடந்தே வந்திருக்கிறார்கள். பச்சை மரம், அவ்வளவு கனம். நான் தொட்டியின் ஏணியில் நின்று பார்த்தேன். மனுஷன் கட்டை கொண்டுவருவோம் என்ற ஒரு வார்த்தைக்காக இவ்வளவு தூரம் நடப்பானா என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

வந்தவர்கள் ஸ்டேஷன் நிழலில் சரிந்து உட்கார்ந்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஊரில் தண்ணீர் இல்லை. இருந்த ஒரே அடிபம்பில் ஊரே குடத்தோடு நின்றது, அதுவும் காற்றைத்தான் துப்பியது. மலைக்காரர்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கண் செருகிச் சாய்ந்தாள். கடலைக்கார அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, தொறந்து வுடு."

"இஞ்சினுக்கு வச்ச தண்ணிக்கா அது. எடுத்தா என் வேல போயிடும்."

"எங்க கீது உன் இஞ்சின்? ரெண்டு நாளா கண்ணால பாத்தியா? இன்னாடா பேசற, இங்க ஒரு உசுரு போய்க்கினு கீது!"

ஸ்டேஷன் மாஸ்டர் அறையைப் பார்த்தேன். அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கேட்டால் கூடாது என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வால்வைத் திருகினேன். ரயில் வராது என்று நான் நம்பினேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு குடம் போதும் என்று திறந்தது. சத்தம் கேட்டதும் ஊரே ஓடிவந்தது. இந்தப் பக்கம், அந்தாண்டைப் பக்கம், குடம், தோண்டி, குழம்புச் சட்டி எல்லாம் வந்தன. குழந்தைகள் குழாய்க்கு அடியில் நின்று சிரித்தன. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு வால்வை மூட எனக்குக் கை வரவில்லை. பத்தரை மணிக்குத் தொட்டியின் அடியிலிருந்து துருச்சேறு வந்தது. சாய்ந்து கிடந்த பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மணி சுமாருக்கு மேற்கே விசில் கேட்டது.

முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் புகை தெரிந்தது. ஆத்தூரில் இரண்டு நாள் நின்றிருந்த பாசஞ்சர், வழி சரியானதும் கிளம்பி வந்துவிட்டது. ரயில் வந்து நின்றது, கடைசிப் பெட்டிகள் வழக்கம்போல் கேட்டை அடைத்துக்கொண்டன. டிரைவர் இறங்கினார். மீசை நரைத்த பெரிய ஆள், முகமெல்லாம் கரி. குழாயை இஞ்சின் மேல் திருப்பி, என் சாவி செருகியபடியே இருந்த வால்வைத் திறந்தார். அது இருமியது, அவ்வளவுதான்.

"எவன்டா பம்புக்காரன்?"

நான் முன்னால் போய் நின்றேன். தொட்டியைத் திறந்துவிட்டேன் என்று சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விருத்தாசலம் வரைக்கும் வேற தண்ணி கிடையாது. பாய்லர்ல தண்ணி எறங்கிக்கினே இருக்கு. ரெண்டு மணி நேரம் தாக்குப் பிடிப்பேன். அப்புறம் நெருப்பக் கீழ கொட்டிட்டு இஞ்சினச் சாவடிக்கணும். ரயிலு இங்கயே கெடக்கும். உன் தேரும் கெடக்கும்."

ஸ்டேஷன் மாஸ்டர் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "போச்சேடா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கழனியில் குனிந்த முதுகும் வந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

மலைக்காரர்களில் மூத்தவர் எழுந்து கிணற்றுப் பக்கம் போனார். "இதுல தண்ணி இருக்குதில்ல?" என்று கேட்டார். இருக்கிறது, மோட்டார் ஓடவில்லை என்றேன். "மோட்டாரு வர்றதுக்கு முன்னாடி எப்பிடி எறச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் திரும்பி, கிளம்பத் தயாராக நின்ற தேரைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தை ஊரே பார்த்தது. தேர் முன்னால் இரண்டு வடங்கள் சுருண்டு கிடந்தன.

அன்றைக்கு மதியம் நடந்ததை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் கிணற்றுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தேர் வடங்களை முடிச்சுப் போட்டுக் கிணற்றில் இறக்கினார்கள். நுனியில் கோயிலில் கூழ் காய்ச்சுகிற செப்பு அண்டா. கயிறு கல்லில் உரசி அறுந்துவிடாமல் இருக்க, மலையிலிருந்து சுமந்து வந்த புது முட்டுக்கட்டைகளைக் கிணற்று விளிம்பில் அணைத்து, விளக்கெண்ணெய் தடவினார்கள். தேரின் சக்கரத்தை இன்னும் தொடாத கட்டைகள் அவை. தடம் விழுந்தால் விழட்டும் என்றார் மூத்தவர். நூறு பேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு, தேர் இழுக்கிற அதே குரலில், அதே அடிவைப்பில், கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அண்டா ஆடி ஆடி மேலே வந்தது. ததும்பி வந்தது. ஊர் ஒரே குரலில் கூவியது.

கிணற்றிலிருந்து இஞ்சின் வரை இரண்டு வரிசை. ஒன்றில் நிறைகுடம் போகும், ஒன்றில் வெறுங்குடம் வரும். கடைத்தெருச் செட்டியார் வீட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் அந்தாண்டைப் பக்கத்துக் கல்லுடைக்கிற பெண் நின்று குடம் மாற்றினாள். வேறு நாளாக இருந்தால் அவர்கள் ஒருவர் குடத்தை ஒருவர் தொட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ரயிலில் வந்தவர்களும் இறங்கி வரிசையில் சேர்ந்தார்கள். நான் இஞ்சினுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, வந்த குடங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்க ஒரே அசைவு. ஒரு குடம் கவிழ்த்தால் உள்ளே சத்தம்கூடக் கேட்காது, அவ்வளவு பெரிய பள்ளம். நிரம்பாது என்றுதான் நினைத்தேன். குடங்கள் நிற்கவில்லை.

நடுவில் ரோட்டுப் பக்கமிருந்து மறியல் பையன்கள் முப்பது நாற்பது பேர் ஓடிவந்தார்கள். விசில் கேட்டு ரயிலை மறிக்க வந்தவர்கள். கையில் கோடாலி. வரிசையைப் பார்த்ததும் நின்றார்கள். ஒருவன், "இன்னா நடக்குது இங்க?" என்று அதட்டினான். கடலைக்கார அக்கா குடத்தைக் கைமாற்றிக்கொண்டே பதில் சொன்னாள். "நாங்க தாகத்துல தண்ணி குடிச்சிட்டோம். அதுக்கு அந்தப் புள்ள வேல போவப் போவுது. ரயிலு கெளம்புனாதான் பொழைப்பான்." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். என் வயதுதான் இருக்கும். "நாங்க ரோட்ல கெடக்கறதே இந்த மாரி ஒரு வேலைக்குத்தான்" என்றான். கோடாலியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வடத்தைப் பிடித்தான். கூட வந்தவர்களும் பிடித்தார்கள்.

ஒரு மணிக்கு டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, போதும் என்று கையைத் தூக்கினார். கருத்த முகத்தில் கண்ணீர் இறங்கிய கோடு வெள்ளையாகத் தெரிந்தது. "முப்பது வருஷமா இஞ்சின் ஓட்டறேன்" என்றார். கரித்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் என் கதை அதோடு முடியவில்லை. ரயில் இரண்டு மணி நேரம் நின்றதற்குக் காரணம் எழுத வேண்டும். டிரைவரும் ஸ்டேஷன் மாஸ்டரும் இருவரும் ஒரே காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் ரிஜிஸ்தரைத் திறந்து பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தார். ஊர் சுற்றி நின்றது.

"தொட்டி காலின்னு எழுதினா இவன் வேலை இன்னையோட சரி" என்றார்.

"தேர் லைன்ல நின்னிருச்சு, அதனால லேட்டுன்னு எழுதுங்க" என்றார் டிரைவர். "நான் கையெழுத்துப் போடறேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் தலையை ஆட்டினார். "எழுதலாம். ஆனா மேல இருக்கிறவங்க சும்மா இருக்க மாட்டாங்க. தேரால ரெண்டு மணி நேரம் ரயில் நின்னுதுன்னா, அடுத்த வருஷம் தேர் லைனைத் தாண்டக் கூடாதுன்னு ஆர்டர் வரும். வந்தா வந்ததுதான். அப்புறம் எந்தக் காலத்துலயும் தாண்ட முடியாது." எல்லோருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த மனுஷனுக்குப் பொய் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

தேர் தாண்டாவிட்டால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நஷ்டமில்லை. சிலருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும், அவர்கள் முகத்தை நான் பார்த்தேன். நஷ்டமெல்லாம் அந்தாண்டைப் பக்கத்துக்குத்தான். அவர்கள் வாசலுக்குத்தான் இனி அம்மன் வர மாட்டாள்.

"வேணாம் சார்" என்றேன். "தொட்டி காலின்னே எழுதுங்க. நான்தான் தொறந்தேன்."

"நீ சும்மா இர்ரா" என்றாள் கடலைக்கார அக்கா. அவள் புடவை தோள் வரை நனைந்திருந்தது. தன் பக்கத்து ஜனங்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பெரியவர் தலையசைத்தார். இன்னொரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். மலைக்கார மூத்தவர் தரையைப் பார்த்தபடி, "ஆவட்டும்" என்றார். அக்கா ஸ்டேஷன் மாஸ்டரிடம் திரும்பினாள்.

"தேர்னே எழுதுங்க சார். ஆத்தா எங்க வாசலுக்கு வராட்டி இன்னா, நாங்க வந்து பாத்துக்கறோம். எங்க ஊட்ல எல்லாம் ஒருத்தனுக்கு வேல போனா திரும்பி வருமா?"

ஸ்டேஷன் மாஸ்டர் எழுதினார். பேனா தாளில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ரயில் கிளம்பியது. கடைசிப் பெட்டி கேட் தாண்டும் வரை டிரைவர் விசில் கயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பிறகு தேர் நகர்ந்தது. வடம் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. இதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும். சக்கரம் முதல் தண்டவாளத்தில் ஏறியபோது மலைக்காரர்கள் கட்டையைக் கொடுத்து நிறுத்தினார்கள். வழக்கமாக அங்கே நிறுத்த மாட்டார்கள். மேலே கம்பிகள் அறுந்துபோயிருந்தன, வெறும் வானம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், ரயில் நின்ற சூடு இன்னும் ஆறாத இடத்தில், அம்மன் நின்றாள். நான் அத்தனை பெரிய அமைதியை என் ஆயுளில் வேறெங்கும் கேட்டதில்லை. அப்புறம் கட்டையை எடுத்தார்கள். தேர் அந்தாண்டைப் பக்கம் இறங்கிப் போயிற்று. ஒவ்வொரு வாசலிலும் அன்று வழக்கத்தைவிட நேரம் கூடவே நின்றது.

ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னது அப்படியே நடந்தது. மாசி மாதம் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அதைப் பார்த்து அப்பா என்ன செய்தார் என்று எழுத என்னால் முடியாது. ஆடி மாதம் இன்னோர் ஆர்டர் வந்தது, தேர் லைனைக் கடக்கக் கூடாது என்று.

அந்த வருஷம் தேர் கேட் வரைக்கும் வந்தது. கேட் சாத்தியிருந்தது. ரயில் எதுவும் வரவில்லை, இருந்தாலும் சாத்தித்தான் இருந்தது. நான் பம்பு அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றேன். வெளியே வர எனக்கு முகம் இல்லை. அந்தாண்டைப் பக்கத்து ஜனங்கள், கிழவர்களும் நடக்க முடியாதவர்களும்கூட, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, தேங்காய் பழத் தட்டோடு தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். தேர் அவர்களுக்கு முன்னால் நின்றுவிட்டு, முட்டுக்கட்டை கொடுத்துத் திரும்பத் தொடங்கியது.

கடலைக்கார அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கதவைத் தள்ளி உள்ளே பார்த்தாள். நான் காக்கிச் சட்டையில் நின்றேன்.

"இன்னாடா இங்க ஒளிஞ்சிக்கினு கீற? உனுக்கு ஆர்டரு வந்துச்சில்ல?"

"வந்துச்சிக்கா."

"பர்மனென்டுதான?"

"ஆமாங்க்கா."

"அப்ப சரி" என்றாள். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, தேர் முழுசாகத் திரும்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வேகமாகத் திரும்பி ஓடினாள்.